பூ நிறைய, காய் இல்லை: டுரியான் தன் மகரந்தத்தை ஏன் ஒதுக்குகிறது?

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் டுரியானில் வந்து நிற்கிறது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக் காட்டு ஓரத்தில், வீட்டுக்குப் பின்னால், சேமநிதிப் பணத்தில் வாங்கிய அரை ஏக்கரில் இப்போது முசாங் கிங் ரக டுரியான். வருஷக் கணக்கில் உரம் வைத்து, புல் வெட்டி, குரங்கை விரட்டி வளர்த்த மரம் ஒருவழியாகப் பூக்கிறது. கிளைக்குக் கீழே கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அடுத்த சில வாரங்களில் முக்கால்வாசி தரையில் கிடக்கிறது. உரம் பத்தவில்லை என்பார் ஒருவர். மழை கெடுத்துவிட்டது என்பார் இன்னொருவர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பதும் உண்டு.

மழையும் உரமும் காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. டுரியான் எப்போதுமே பூத்ததில் சிறு பங்கைத்தான் காயாக்கும், அதுவும் உண்மை. ஆனால் கன்று விற்கிறவர் பெரும்பாலும் வாய் திறக்காத இன்னொரு காரணம் இருக்கிறது. தோட்டத்தில் இருபது முசாங் கிங் நிற்கலாம். மகரந்தத்தின் கணக்கில் அது ஒரே மரம்.

ஒட்டுக்கன்று என்பது ஒரு தாய்மரத்தின் மொட்டையோ குச்சியையோ வேறொரு நாற்றின் மேல் ஒட்டி வளர்ப்பது. வேர் யாருடையதாகவும் இருக்கலாம். பூப்பதும் காய்ப்பதும் ஒட்டின பகுதி. இப்படி ஒரே மரத்திலிருந்து ஒட்டிப் பெருக்கின வகையைக் குளோன் என்கிறார்கள். முசாங் கிங் குளோன் டி197 என்ற எண்ணில் 1993-இல் விவசாயத் துறையில் பதிவானது. டி24 அதற்கும் மூத்தது, 1937-இல் பதிவானது. இன்று நாட்டில் நிற்கிற டி197 மரங்கள் எல்லாமே மரபணு அளவில் ஒரே மரத்தின் துண்டுகள். பக்கத்து வரிசை முசாங் கிங்கிலிருந்து வரும் மகரந்தமும் இந்த மரத்துக்குச் சொந்த மகரந்தம்தான்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற மண்டோர் (எஸ்டேட் கங்காணி) ஒருவர் தன் தோட்டத்தைக் காட்டும்போது, "எல்லாம் ஒரே ஜாதி தம்பி, கலப்படமே கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. எஸ்டேட்டில் அவர் கற்றது அதுதான். ஒரு பிளாக் என்றால் ஒரே குளோன்: ஆர்ஆர்ஐஎம் 600 என்றால் முழுக்க ஆர்ஆர்ஐஎம் 600. பட்டையின் தடிப்பு ஒன்றாக இருக்கும், பால் வரத்து ஒன்றாக இருக்கும், வெட்டுகிறவர்களுக்குக் கணக்கு போட எளிது. ரப்பரில் இது செல்லுபடியானதற்குக் காரணம், அங்கே நமக்கு வேண்டியது பட்டையிலிருந்து வரும் பால். காய் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? வெயில் காலத்தில் ரப்பர் காய் வெடிக்கிற சத்தமும், பிள்ளைகள் கொட்டையை வைத்து விளையாடியதும் தவிர, காய்க்கு எஸ்டேட்டில் வேறு மரியாதை இருந்ததில்லை.

ஆனால் விதை வேண்டும் என்று வந்தபோது அதே எஸ்டேட் உலகம் வேறு மாதிரி நடந்துகொண்டது. சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்தில் நல்ல ரப்பர் விதைக்கென்று தனித்தோட்டங்கள் வைத்திருந்தார்கள். மற்ற ரப்பரிலிருந்து விலக்கி, பல உயர்ந்த குளோன்களைக் கலந்து நட்டு, ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குப் போகவிட்டு எடுத்த விதை அது. ஒரே குளோனுக்குள் கிடைக்கும் விதை குறைவு, கிடைப்பதும் நோஞ்சான் என்பது துரைமார்களுக்குத் தெரிந்திருந்தது. (அந்தத் தோட்டம் இருந்த இடம்தான் இன்றைய புத்ராஜெயா. அங்கிருந்து வெளியேறிய நம் குடும்பங்களின் கதை தனியாக எழுத வேண்டியது.) பால் வெட்டும் தோட்டத்தின் பழக்கம் மட்டும் டுரியானுக்கு வந்து சேர்ந்தது, விதைத்தோட்டத்தின் பாடம் வரவில்லை.

பூக்களில் பெரும்பாலானவை ஆண் பாகத்தையும் பெண் பாகத்தையும் ஒன்றாக வைத்திருப்பவை. கையெட்டும் தூரத்தில் மகரந்தம், கையெட்டும் தூரத்தில் அதை ஏற்கும் பெண் பாகத்தின் நுனியான சூலகமுடி. அப்படியிருந்தும் பூக்கும் தாவர இனங்களில் ஏறக்குறைய பாதி, தன் மகரந்தம் வந்தால் ஏற்றுக்கொள்வதில்லை. மகரந்தம் கெட்டதல்ல, அதே தூளை வேறொரு செடியில் வைத்தால் விதை பிடிக்கும். சூலும் மலடல்ல, வேறு தூள் வந்தால் அதுவும் விதையாகும். இரண்டும் சேரும்போது மட்டும் வேலை நடக்காது. இதைத் தன்-ஒவ்வாமை என்கிறார்கள். ஜெர்மனியில் கோல்ராய்ட்டர் 1760-களிலேயே ஒரு ஊதாப் பூச்செடியில் இதைக் கவனித்தார். டார்வின் 11 ஆண்டுகள் 57 இனங்களை வைத்துச் சோதித்து 1876-இல் முடிவை வெளியிட்டார். தன் மகரந்தத்தில் பிறந்த கன்றுகள் பெரும்பாலும் குட்டை, எடை குறைவு, விதையும் குறைவு. ஒவ்வொரு உயிரிலும் ஒளிந்துகிடக்கும் பழுதான மரபணுக்கள், ஒற்றையாக இருக்கும்வரை தலைகாட்டாது. அப்பனும் ஆத்தாளும் ஒரே செடியாகிவிட்டால் அவை ஜோடி சேர்ந்து வெளியே வருகின்றன.

சரி, செடிக்கு மூளையில்லை, கண்ணில்லை. "இது என் தூள்" என்று எப்படித் தெரிகிறது?

1925-இல் ஈஸ்ட், மாங்கல்ஸ்டார்ஃப் என்ற இரு அமெரிக்கர்கள் புகையிலைக் குடும்பத்துச் செடிகளில் இதற்கு ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். எஸ் என்று பெயரிட்ட ஒரு மரபணுப் பகுதி இருக்கிறது. அதற்குப் பல வடிவங்கள்: எஸ்1, எஸ்2, எஸ்3 என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு செடியிடம் இரண்டு இருக்கும், ஒரு மகரந்தத் தூளிடம் ஒன்றுதான் இருக்கும். வந்த தூளின் எண், ஏற்கும் பூவின் இரண்டு எண்களில் ஒன்றோடு பொருந்திவிட்டால் தூள் நிராகரிக்கப்படும். நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் எடுக்காத வழக்கம் மாதிரிதான் இதுவும். பங்காளி எவ்வளவு தூரத்து உறவாக இருந்தாலும் கிடையாது. மாமன் மகள் நெருங்கின ரத்தமாக இருந்தாலும் பாதகமில்லை. பூவும் முழு ஜாதகத்தைப் பார்ப்பதில்லை, எஸ் என்ற அந்த ஒரு வழியை மட்டும் பார்க்கிறது. அதனால் ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு செடிகளுக்குள் சிலசமயம் எல்லாத் தூளும் போகும், சிலசமயம் பாதி போகும், சிலசமயம் ஒன்றும் போகாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டத்தில் யாரிடமும் இல்லாத புது எண் ஒன்று தோன்றினால் அதற்குக் கொண்டாட்டம், எந்தப் பூவும் அதை மறுக்காது. அப்படியே அது பரவும். பரவப் பரவ அதன் சலுகை குறையும். அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் 1939-இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார். ஓர் இனத்துக்குள்ளேயே டஜன் கணக்கில், சிலவற்றில் நூறை ஒட்டி, எஸ் வடிவங்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். குளோன் தோட்டம் செய்வது இதற்கு நேர் எதிர். பத்துப் பதினைந்து வடிவங்கள் புழங்கவேண்டிய இடத்தில் இரண்டே இரண்டை நிறுத்திவிடுகிறோம்.

மூலக்கூறு அளவில் பார்த்தால் செடிக் குடும்பங்கள் தனித்தனியாக வேறு வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன. முட்டைக்கோசை எடுத்துக்கொள்வோம், காமரன் மலை பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் சூலகமுடி உலர்ந்தது. தூள் வந்து உட்கார்ந்ததும் முதலில் அதற்கு வேண்டியது தண்ணீர். அதைச் சூலகமுடியின் செல்கள்தான் கொடுக்க வேண்டும். தூளின் மேல்பூச்சில் ஒரு சிறு புரதம் இருக்கிறது. சூலகமுடிச் செல்லின் மேற்சவ்வில் அதைப் பிடிக்கும் இன்னொரு புரதம், ஏற்பி, இருக்கிறது. ஒரே எஸ் வடிவத்தைச் சேர்ந்த புரதமும் ஏற்பியும் மட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் செல்லுக்குள் கட்டளை போகிறது: தண்ணீர் விடாதே. தூள் காய்ந்தபடியே கிடக்கும், முளைக்காது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏற்பியின் மரபணுவை 1991-இல் நஸ்ரல்லா குழுவினர் அடையாளம் கண்டார்கள். தூள் பக்கத்துப் புரதம் பிடிபட 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விதை வியாபாரம் இந்த ஒவ்வாமையை வைத்தே பணம் பார்க்கிறது. தன்னை மறுக்கிற இரண்டு முட்டைக்கோசு வகைகளை அடுத்தடுத்து நட்டால், கிடைக்கிற விதையெல்லாம் தானாகவே கலப்பினம். ஆளை விட்டு ஒவ்வொரு பூவிலும் மகரந்தப்பையைக் கிள்ள வேண்டியதில்லை. ஜப்பானியர்கள் 1950 முதல் இப்படி விதை விற்கிறார்கள். அப்படியென்றால் தன்னை மறுக்கும் அந்தப் பெற்றோர் வகைகளை எப்படிப் பெருக்குகிறார்கள்? பூ விரியுமுன் மொட்டைப் பிரித்துத் தன் தூளையே தடவுகிறார்கள். மொட்டுப் பருவத்தில் ஏற்பி இன்னும் தயாராகியிருக்காது. காவல்காரன் வேலைக்கு வருமுன் உள்ளே புகுந்துவிடும் தந்திரம்.

புகையிலை, பெட்டூனியா, ஆப்பிள் இவற்றின் வழி வேறு. இங்கே தூள் முளைக்கிறது, அதிலிருந்து வரும் மகரந்தக்குழாய், சூலகமுடிக்குக் கீழுள்ள சூல்தண்டுக்குள் இறங்கவும் ஆரம்பிக்கிறது. சூல்தண்டு முழுக்க ஓர் நொதி நிறைந்திருக்கிறது, செல் புரதம் செய்யத் தேவையான ஆர்என்ஏவை வெட்டும் நொதி. அது வருகிற எல்லாக் குழாய்க்குள்ளும் நுழைகிறது, சொந்தம் அயல் என்று பார்ப்பதில்லை. அயல் தூளிடம் அதை அடையாளம் கண்டு அழிக்கும் புரதங்கள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் மற்ற எல்லா எஸ் வடிவங்களின் நொதிக்கும் ஆள் உண்டு, தன் சொந்த வடிவத்தின் நொதிக்கு மட்டும் இல்லை. சொந்தப் பூவுக்குள் போன குழாய் மாட்டிக்கொள்வது இப்படித்தான். அதன் ஆர்என்ஏ துண்டாகி, சூல்தண்டின் மேல்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. இந்த நொதி வேலையை 1989-இல் உறுதி செய்தார்கள், புரதக் கூட்டத்தின் கதை 2010-இல் தெளிந்தது. என்னைக் கேட்டால் இந்த முழு விஷயத்திலும் ரசிக்கத்தக்க இடம் இதுதான். முட்டைக்கோசு தன்னை அடையாளம் கண்டு தடுக்கிறது. பெட்டூனியா தன்னை அடையாளம் காணவே இல்லை, அயலாரை அடையாளம் கண்டு காப்பாற்றுகிறது, சொந்தம் காப்பாற்ற ஆளில்லாமல் போகிறது.

கசகசாக் குடும்பத்துச் செடி ஒன்று மூன்றாவது வழியில் போகிறது. பூவின் புரதம் தொட்டதும் தூளுக்குள் கால்சியம் பாய்ந்து, உள்கட்டு குலைந்து, தூள் தன்னைத்தானே கொன்றுகொள்கிறது.

தோட்டத்தில் நாம் பார்த்துப் பழகின தென்னையும் செம்பனையும் இந்தப் பட்டியலில் வராது. அவை தன் தூளை அடையாளம் கண்டு மறுப்பதில்லை, நேரத்தை மாற்றி வைத்துத் தப்பிக்கின்றன. நெட்டைத் தென்னையில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் உதிர்ந்து முடிந்த பிறகுதான் பெண் பூ தயாராகும். செம்பனை ஒரே மரத்தில் சில மாதம் ஆண் குலையும் சில மாதம் பெண் குலையுமாகத் தள்ளும். அதனால்தான் ஒரு காலத்தில் எஸ்டேட் பெண்கள் டால்கம் கலந்த மகரந்தத் தூளைப் பெண் குலைகளுக்கு ஊதிவிடும் வேலை பார்த்தார்கள். 1981-இல் கமரூனிலிருந்து, மகரந்தம் சுமக்கும் ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்த வேலை இல்லாமல் போனது.

டுரியானுக்கு வருமுன் கொக்கோவைப் பார்த்துவிடுவது நல்லது, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். 1980-களின் இறுதியில் மலேசியாவில் கொக்கோ நான்கு லட்சம் ஹெக்டேர் அளவுக்குப் பரவியிருந்தது. பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தென்னைக்கு அடியில் கொக்கோ இல்லாத தோட்டம் அபூர்வம். அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு பூக்கும் அந்தச் சின்னப் பூவுக்கு மகரந்தம் கொண்டுவருவது கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி ஈ, அழுகின இலையிலும் கொக்கோ ஓட்டிலும் பிறப்பது. பல கொக்கோ மரங்கள் தன் தூளை ஏற்பதில்லை என்பதை டிரினிடாட்டில் பவுண்ட் என்பவர் 1930-களின் தொடக்கத்தில் கண்டார். அங்கே நடந்த விதம்தான் விசித்திரம். சூலகமுடியில் தடையில்லை, சூல்தண்டிலும் தடையில்லை. குழாய் சூல் வரைக்கும் போய்ச் சேருகிறது. அதற்குப் பிறகு சில மரங்களில் கால்வாசிச் சூல்களில், சிலவற்றில் பாதியில், சிலவற்றில் எல்லாச் சூல்களிலும் ஆண் அணுவும் பெண் அணுவும் இணைவதில்லை. கால்வாசிதான் தவறியது என்றாலும் மரம் முழுப் பூவையும் உதிர்த்துவிடுகிறது. வாசலில் தடுக்காமல் பந்திவரை உட்காரவைத்துப் பிறகு எழுப்பி அனுப்புகிற வகை. இதனால் மரத்துக்கும் நஷ்டம், அந்தச் சூல்களை இனி வேறு தூளுக்குக் கொடுக்க முடியாது.

டுரியானும் இந்தத் தாமத வகைதான். சொந்தத் தூளின் குழாய் சூல்வரை இறங்குகிறது, காய் மட்டும் நிற்பதில்லை, நின்றாலும் குறைவு. குளோனுக்குக் குளோன் அளவு மாறும். முசாங் கிங் மட்டும் நட்டால் ஒரு காயும் வராது என்று நான் சொல்லவில்லை. கம்பத்து (நாட்டு) டுரியான் மரங்கள் சுற்றி நிற்கிற தோட்டத்தில் இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. விதையிலிருந்து வந்த ஒவ்வொரு கம்பத்து மரமும் தனி ஆள், அதன் தூள் பெரும்பாலும் எந்தக் குளோனுக்கும் அயல். எஸ்டேட் லயத்துக்குப் பின்னால் யாரோ தின்று எறிந்த கொட்டையில் முளைத்த மரங்கள் கேட்பாரில்லாமல் காய்த்துத் தள்ளியதன் ரகசியம் அதுதான். பழைய மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு, சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரே குளோன் என்று வைத்த தோட்டத்தில்தான் இது பல்லைக் காட்டுகிறது.

டுரியான் பூவை ஒரு மாலை கிட்ட நின்று பார்க்க வேண்டும். மதியம் தாண்டி மொட்டு விரிய ஆரம்பிக்கிறது. சூலகமுடி முதலில் நீட்டிக்கொண்டு வெளியே வந்து பசபசவென்று தயாராகிவிடும். மகரந்தப்பை உடைவது இருட்டின பிறகு, ஏழு எட்டு மணிவாக்கில். புளித்த பால் மாதிரி ஒரு வாடை, அடியில் தேன் தேங்கி நிற்கும். விடியும்போது இதழும் மகரந்தத்தாளும் தரையில் வெள்ளையாக விரிந்து கிடக்கும், மரத்தில் சூலகம் மட்டும் தொங்கும். ஆக மொத்தம் ஒரு பூவுக்குக் கிடைப்பது ஓர் இரவு. அந்த இரவில் அயல் தூளைக் கொண்டுவருவதில் பெரிய கை வௌவாலுடையது, அதிலும் குகையில் வாழும் தேன் வௌவால். தேனீக்களும் வருகின்றன, ஆனால் மரத்துக்கு மரம், தோட்டத்துக்குத் தோட்டம் தாவுவதில் வௌவாலுக்கு ஈடில்லை. தியோமான் தீவில் பெரிய பழந்தின்னி வௌவாலே டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதைக் கேமரா வைத்துப் பதிவு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். டுரியான் பூப்பது வருஷத்தில் சில வாரம்தான். மீதி நாளில் இந்த வௌவால்கள் பெத்தாய் மரம், வாழை, கடலோரச் சதுப்புநில மரங்கள் என்று பிழைக்கின்றன. பகலில் தூங்குவது சுண்ணாம்புக் குன்றுக் குகைகளில். கிந்தா பள்ளத்தாக்கில் கல்லுக்காக உடைக்கப்படுகிற ஒவ்வொரு குன்றுக்கும் டுரியான் கணக்கில் ஒரு விலை இருக்கிறது. கல்குவாரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தூசியைப் பற்றியும் வெடிச்சத்தத்தைப் பற்றியும் மட்டுமே பேசுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

மகரந்தம் சரியாகக் கிடைக்கவில்லை என்பதைப் பழத்திலேயே பார்க்கலாம். டுரியானுக்கு வழக்கமாக ஐந்து அறை. சுளை என்பது விதையைச் சுற்றி வளரும் சதை. ஓர் அறையில் சூல்கள் கருவாகவில்லை என்றால் அந்தப் பக்கம் வளராமல் காய் கோணலாகிவிடும். சந்தையில் கோணல் காயைப் பூச்சி அடித்தது என்று ஒதுக்குவார்கள். அதில் பாதிக்கு மேல் பூச்சிக்குச் சம்பந்தமில்லாதது என்பது என் எண்ணம்.

செய்யக்கூடியது என்ன? புதிதாக நடுகிறவர்களுக்கு விவசாயத் துறையின் அறிவுரையே பல குளோன்களைக் கலந்து நடுவதுதான்: டி197-க்கு இடையில் டி24, கறுப்பு முள் எனப்படும் டி200 என்று. எதைக் கலந்தாலும் பூக்கும் வாரம் ஒத்துப்போக வேண்டும், ஒன்று உதிர்ந்த பிறகு இன்னொன்று பூத்தால் பிரயோஜனமில்லை. பூ வைத்திருக்கும் நாட்களில் மாலையில் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது அடுத்தது.

கையெட்டும் கிளைகளில் தூரிகையால் தடவிவிடலாம், தாய்லாந்துத் தோட்டங்களில் இது சாதாரண வேலை. இரவு ஏழரைக்கு மேல் ஒரு குளோனின் உடைந்த மகரந்தத்தை எடுத்து மற்ற குளோனின் சூலகமுடியில் வைக்க வேண்டும். தன் மரத்துத் தூளையே எடுத்துத் தன் மரத்திலேயே தடவுவது வீண் வேலை, பக்கத்து மரம் அதே குளோன் என்றால் அதுவும் வீண். தலையில் விளக்கு, கையில் தூரிகை, கீழே ஏணி பிடிக்க ஓர் ஆள். கொசு மட்டும் தாராளம்.

மண்டோர் அண்ணன் மாதிரி ஏற்கெனவே எல்லாம் ஒரே குளோனாக வைத்துவிட்டவர்கள் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. இடையிடையே சில மரங்களில் ஒரு கிளையை மட்டும் எடுத்து வேறு குளோனின் குச்சியை ஒட்டிவிடலாம். ரப்பர் ஒட்டுக் கட்டிப் பழகின கைக்கு இது பெரிய வித்தை இல்லை. அந்தக் கிளை பூக்க சில வருஷம் ஆகும். அதுவரை வேலி ஓரத்தில் தானாக முளைத்து நிற்கும் கம்பத்து மரத்தை வெட்டாமல் விட்டுவைத்தால் போதும்.